குக்கரை நாடு கடத்திய வரைபடம்

உலக நாடுகள் கூடிக் கையெழுத்துப் போட்ட வணிக ஒப்பந்தங்களை வைத்து என் மனைவியின் அண்ணனுக்கு ஒரு நல்லது செய்துவிடலாம் என்று நம்பிய முட்டாள் நான். நம்பியதோடு நின்றிருந்தால் குடும்பத்தில் இன்னும் மரியாதை இருந்திருக்கும். வண்ணப் பென்சில் பிடித்த குழந்தை மாதிரி ஒரு படமும் வரைந்து தொலைத்தேன்.

திருவனந்தபுரத்தின் கழக்கூட்டம் பகுதியில் கண்ணாடிக் கட்டிடம் ஒன்றில் எனக்கு ஒரு சுழல் நாற்காலி உண்டு. பல நாடுகளில் கடை விரித்திருக்கும் ஒரு பாத்திரக் கம்பெனியின் ‘உலக வணிக உத்தி’ப் பிரிவில் உத்தியோகம். நாங்கள் பாத்திரம் செய்வதில்லை. எந்த நாட்டில் செய்து எந்த நாட்டுக்கு அனுப்பினால் வரி குறையும் என்று ஏ.சி.யில் உட்கார்ந்து யோசிப்போம். மாமியார் இதை “குக்கர் கம்பெனில இருக்காரு” என்று சுருக்கிக்கொண்டார். அன்றிலிருந்து உறவில் யார் வீட்டுக் குக்கர் விசிலடிக்க மறுத்தாலும் எனக்குத்தான் போன் வரும்.

உண்மையில் என் வேலை ரொம்பச் சுலபம். இரண்டு நாடுகள், அல்லது பக்கத்துப் பக்கத்து நாடுகள் பத்து சேர்ந்து, ‘உன் சாமான் என் ஊருக்கு வரியில்லாமல் வரட்டும்’ என்று எழுதிக்கொள்ளும். மந்திரிகள் கைகுலுக்கிச் சிரிக்கும் படத்தை ஊர் பார்க்கும். எங்கள் ஆட்கள் பின்னிணைப்பைப் பார்ப்பார்கள். அங்கேதான் சூட்சுமம். சும்மா ஒரு நாட்டின் வழியாக வந்துவிட்டால் சாமான் அந்த நாட்டுக்காரன் ஆகிவிடாது. அதன் மதிப்பில் இவ்வளவு பங்கு அந்த மண்ணில் சேர்ந்திருக்க வேண்டும் என்று பூர்வீக விதி ஒன்று உண்டு.

இந்த விதியை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டவன் இருக்க முடியாது. மூலப்பொருள் நாகர்கோவில், பதப்படுத்தியது திருவனந்தபுரம். இங்கே வாடகை வீடு கேட்டுப் போனால் “சாரின்றெ நாடெவிடெயா?” என்று சொந்த ஊரைக் கேட்பார்கள். ஊருக்குப் போனால் “வாரும்வே மலையாளத்தான்” என்பார்கள். இரண்டு பக்கமும் எனக்குச் சலுகை கிடைத்ததில்லை.

நான் அத்தான் என்று கூப்பிடும் மனைவியின் அண்ணனுக்கு நேமம் தாண்டி ஒரு தகரக் கொட்டகை. அதில் ரப்பரை வேகவைத்துக் குக்கர் மூடிக்குள் மாட்டும் கேஸ்கெட் வளையம் செய்கிறார். செய்வதில் முக்கால்வாசியை எங்கள் கம்பெனியே வாங்குகிறது. இதில் என் சிபாரிசு எதுவும் இல்லை. நான் மாப்பிள்ளையாவதற்கு முன்பே வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு குலை ரசகதலியோடு வீட்டுக்கு வந்தார். பழத்தோடு வந்தால் விஷயம் பெரிது.

“மாப்ளே, கேஸ்கெட்ட இனி வெளிநாட்டுலேந்து எறக்கப் போறாவளாமே. உள்ளதுதானா?”

“பேச்சு நடக்கு அத்தான்.”

“ஏன், நம்ம ரப்பர் நாறுதா?”

“அங்கேந்து வந்தா வரி கெடையாது. கெழக்கே இருக்க நாடுகளோட ஒப்பந்தம் இருக்குல்லா.”

“யாருட்ட கேட்டுவே போட்டாவ?”

என்னிடம் கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. “நான் பாத்துக்கிடுதேன் அத்தான்” என்றேன்.

“ஆர்டர் போச்சுன்னா கொட்டாய பூட்டணும். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது கேட்டோ” என்றார். சொல்லிவிட்டு, ஆர்டர் கைவிட்டுப் போகாமல் இருந்தால் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு சாக்குத் தேங்காய் உடைப்பதாக என் வரவேற்பறையிலேயே நேர்ந்துகொண்டார். ஒரு பக்கம் பிள்ளையார், இன்னொரு பக்கம் நான். யாரை நம்பியிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது.

மறுநாளே என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. அரிதாக நடப்பதால் அதை நான் தடுக்கவில்லை. எங்கள் குக்கர் வளைகுடா நாடுகளுக்குப் போகிறது. அங்கே வரிச் சலுகை வேண்டுமானால் குக்கர் இந்த மண்ணில் பிறந்ததாக இருக்க வேண்டும். கேஸ்கெட் அயல்நாட்டுக்காரன் என்றால் குக்கரின் பூர்வீகமே கெட்டுவிடாதா?

பக்கத்து நாற்காலியில் இருக்கும் பெண்குட்டி எட்டிப் பார்த்தாள். கொல்லத்துக்காரி, என்னோடு தமிழ் பேசியே தன் தமிழைக் கெடுத்துக்கொண்டவள்.

“சாரே, முழு குக்கர்ல கேஸ்கெட்டோட வெல எத்தறயாணு? அது மாறினா பூர்வீகம் ஒண்ணும் போகாது.”

“அது தத்துவம்மா. விலை இல்ல” என்றேன்.

“ஓ” என்று திரும்பிக்கொண்டாள். அந்த ‘ஓ’வில் இருந்த எச்சரிக்கை எனக்குக் கேட்கவில்லை.

வாதம் மெலிந்திருந்ததால் படத்தைக் கொழுக்க வைத்தேன். உலக வரைபடம். நம் நாட்டிலிருந்து வளைகுடாவுக்குத் தடிமனான பச்சைக்கோடு. அது தனியாக, பந்தியில் யாரும் கவனிக்காத விருந்தாளி மாதிரி இருந்தது. துணைக்கு மற்ற நாடுகளின் ஒப்பந்தக் கோடுகளையும் போட்டேன். கிழக்கே, கேஸ்கெட்டை இறக்க நினைத்திருந்த அதே சின்ன நாட்டிலிருந்து கோடுகள் புறப்பட்டன பாருங்கள், இடியாப்பம் பிழிந்த மாதிரி! ஐரோப்பாவுக்கு, பசிபிக் கரைக்கு, அக்கம்பக்கத்துக்கு. படம் நிறைந்து பார்க்க லட்சணமாக இருந்தது. லட்சணம் மட்டும்தான் என் கண்ணுக்குப் பட்டது.

தலைமையகம் ஒரு குளிர்நாட்டில். அங்கிருந்து கம்பெனிப் பெரியவர் திரையில் வந்தார். நான் கேஸ்கெட்டின் தேசபக்தியை விளக்கினேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் “வெரி இன்ட்ரஸ்டிங்” என்றார். சற்றுப் பொறுத்து இன்னொரு தடவையும் சொன்னார்.

நம் ஊரில் ஒருவர் இரண்டு தடவை பாராட்டினால் காரியம் முடிந்தது என்று பொருள். குளிர்நாட்டில் அந்த வார்த்தைக்கு வேறு வேலையும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அறையை விட்டு வெளியே வருவதற்குள் அத்தானுக்குப் போன் போட்டேன்.

“அத்தான், தேங்காய ஒடச்சிரலாம்.”

“கடலாசுல எழுதி வரட்டும்வே.”

“கடலாசு பின்னால வரும். ரெண்டு மட்டம் சொல்லியாச்சு!”

ஒரு சாக்குத் தேங்காயோடு பழவங்காடியில் நின்றோம். அத்தான் எறிந்தவையெல்லாம் தூள் தூளாகச் சிதறின. நான் எறிந்த முதல் தேங்காய் உடையாமல் துள்ளி, கும்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் காலடியில் போய் நின்றது. அவர் அதை எடுத்து வந்து, “சாரே, இது நிங்ஙளுடெயாணோ?” என்று பணிவாகக் கையில் கொடுத்தார். கணபதி அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் எனக்கு உறைக்கவில்லை.

மழை தொடங்கிய பிறகு முடிவு வந்தது. பெரியவர் திரையில் வந்து, என் படம் தலைமையகத்தின் கண்ணைத் திறந்துவிட்டதாகச் சொன்னார். கேஸ்கெட்டை மட்டும் அங்கிருந்து வாங்குவது சின்ன யோசனையாம். இடியாப்ப நாட்டிலேயே குக்கரைச் செய்தால் அத்தனை கோடுகளும் கம்பெனிக்குச் சொந்தமாம். ஆகவே ஏற்றுமதிக் குக்கர் முழுவதும், மூடி, கைப்பிடி, விசில் சகிதம், அங்கே குடிபெயர்கிறது. இத்தனை நாள் யாருக்கும் தோன்றாததை ஒரே படத்தில் காட்டிய எனக்குப் பலத்த கைதட்டல். பெண்குட்டி மட்டும் தட்டவில்லை.

பரிசும் வந்தது: அந்த நாட்டில் செய்து பார்த்த முதல் குக்கர்களில் ஒன்று.

மனைவி பெட்டியைப் பிரித்தாள். அடியில் பொறித்திருந்த நாட்டின் பெயரைப் படித்தாள். கேஸ்கெட்டைக் கழற்றி இழுத்துப் பார்த்தாள்.

“இதுக்கா கைதட்டுனாங்க?”

“வேணும்னு செய்யலட்டீ.”

“வேணும்னு செஞ்சிருந்தா இவ்வளவு ஒழுங்கா வந்திருக்காது. அண்ணன்ட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் போன் எடுக்க மாட்டேன்.”

போனேன். கொட்டகையில் ரப்பர் வெந்த வாசம். அத்தான் கடைசி ஆர்டரைக் கட்டிக்கொண்டிருந்தார், கடைசி என்று தெரியாமல். சொன்னேன். முழுவதும் கேட்டார். படம், கோடு, இடியாப்பம் எதையும் நான் விடவில்லை, விட்டிருக்கலாம்.

“அப்ப கேஸ்கெட்டு மட்டும் போவ இருந்தது,” என்றார் மெதுவாக. “நீரு பேசுனதுல குக்கரே போச்சு.”

“ஆமா அத்தான்.”

“தேங்காயும் போச்சு.”

“ஆமா.”

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

“அத்தான், வெசனப்படாதீங்க. இன்னொரு நாட்டோட புதுசா ஒப்பந்தம் வரும்னு பேச்சு. அதுல ரப்பர் சாமானுக்கு ஒரு வழி இருக்கும் போலிருக்கு. எங்க ஆபீசுக்கு நான் ஒரு படம் வரைஞ்சு…”

அத்தான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பெட்டிமேல் கயிற்றை இழுத்து முடிந்தார்.

“மாப்ளே, நீரு வரையாண்டாம்.”