பின்னால் போன பஸ்

போன வாரம் டவுன் பஸ் கண்டக்டர் ஒருவர் என்னைப் பார்த்து, "பிரியாணிக்கா, உள்ள தள்ளி நில்லுங்க" என்றார்.

பஸ்ஸில் இருந்த நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் அந்தப் பெயருக்கு நான்தான் காரணம்... டி.வி.யில் நானே என் வாயால் சம்பாதித்த பட்டம் அது.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

என் மகள் யாழினி இரண்டாம் வகுப்பு. பாப்பிரெட்டிப்பட்டியைத் தாண்டி, எங்கள் குடியிருப்பிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு அரசுப் பள்ளி. காலை எட்டு இருபத்தைந்துக்கு டவுன் பஸ் அந்தப் பள்ளி வாசலைத் தாண்டும். தாண்டும், அவ்வளவுதான். நிற்காது. அங்கே ஸ்டாப் இல்லை. ஒரு கிலோமீட்டர் தள்ளி ரைஸ் மில்லில்தான் நிற்கும். பிள்ளைகள் அங்கே இறங்கி, மரவள்ளிக்கிழங்கு லாரிகள் பறக்கிற ரோட்டின் ஓரமாகத் திரும்பி நடந்து வரவேண்டும். பதினெட்டுப் பிள்ளைகள். அவர்கள் வந்து சேர்வதற்குள் பள்ளியில் போடும் காலை உணவுக் கிச்சடி முடிந்து பாத்திரம் கழுவ ஆரம்பித்திருப்பார்கள்.

நான் எதற்கும் பயப்படுகிற ஆள். இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். வீட்டில் ஸ்கூட்டி இருக்கிறது, ஓட்டுவதற்குப் பயம். அதனால் தினமும் எட்டு இருபத்தைந்திலிருந்து எட்டு ஐம்பது வரை என் மனசு அந்த லாரி ரோட்டில்தான் நடக்கும்.

இதைத் தீர்க்கக் கிளம்பியவர் நூரக்கா. நூர்ஜஹான். அவருடைய மகள் அஃப்ரினும் என் மகளும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அவர் கணவர் பாப்பிரெட்டிப்பட்டியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். நூரக்கா எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவர். பெற்றோர் சேர்ந்து தேர்ந்தெடுத்தது. நான் வெறும் உறுப்பினர். கூட்டத்தில் அவர் பேசுவார், நான் நோட்டில் எழுதுவேன். எழுதியதை வீட்டுக்கு வந்து சரியா தப்பா என்று இன்னொரு முறை யோசிப்பேன்.

இரண்டு முறை மனு எழுதிப் போட்டோம். பதில் இல்லை. "டி.வி.ல வந்தா உடனே நிக்கும்" என்று யாரோ சொல்ல, ஒரு சேனல் நிருபரைப் பிடித்தோம். நாற்பது வயது இருக்கும், நல்ல மனுஷர். ஒரு காலை வேளையில் கேமராவோடு வந்து இறங்கினார். நானும் நூரக்காவும் ஷேர் ஆட்டோவில் முன்னாலேயே வந்து பள்ளி வாசலில் நின்றோம். நான் முந்தின நாளே நான்கு பாயின்ட் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். பஸ், லாரி, தூரம், கிச்சடி.

நிருபர் எங்களைப் பார்த்தார். என் நெற்றிப் பொட்டைப் பார்த்தார். நூரக்காவின் புர்காவைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள்... அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் ஒட்டி நில்லுங்கம்மா."

"பஸ்ஸு நிக்கலன்னு தான் சார் உங்கள வரச் சொன்னோம்" என்றார் நூரக்கா. "நாங்க எங்க வேணாலும் நிப்போம்."

"பஸ் பிரச்சினை டெய்லி வருதுங்கம்மா. யாரும் பாக்க மாட்டாங்க. இது வேற ஆங்கிள். கையில சாப்பாடு மாதிரி ஏதாச்சும் இருக்குங்களா?"

சமையல் அக்கா ஒரு தட்டில் ரவா கிச்சடி கொண்டு வந்து கொடுத்தார். நூரக்கா எனக்கு நீட்டுவது போல, நான் வாங்குவது போல. மைக் என் வாய்க்கு வந்தது.

நான்கு பாயின்ட்டும் பறந்துபோயின.

"பண்டிகைன்னா இவங்க வூட்ல இருந்து பிரியாணி வருங்களா?" என்று அவர் கேட்டார்.

இல்லை என்று சொன்னால் நூரக்கா மனசு கஷ்டப்படுமோ? ஊர் என்ன நினைக்கும்? ஒரு நொடிதான் யோசித்தேன். "வருங்க. டப்பா நிறைய வருங்க. லெக் பீஸ் எனக்குன்னே எடுத்து வெப்பாங்க."

நூரக்கா சமைத்த பிரியாணியை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ரம்ஜான் வந்தால் அவர் கிருஷ்ணகிரியில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவார். சமையல் என்றாலே, "பசிக்கு ஏதோ பண்ணுவேன், ருசி கேக்கக் கூடாது" என்பவர்.

அன்று மாலை ஏழு மணிக்குச் செய்தி வந்தது. மெல்லிய புல்லாங்குழல் இசை. கிச்சடி அழகாக மங்கலாகி, பிரியாணியாக நடித்தது. 'மதங்களைக் கடந்த தாய்மை' என்று பெரிய எழுத்து. ஒன்றரை நிமிடம். பஸ் என்ற சொல் ஒரு முறைகூட வரவில்லை.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் சித்தப்பா ஒருவர் உண்டு. வாரத்தில் மூன்று நாள் முஸ்லிம்களைப் பற்றி 'எச்சரிக்கை, பகிரவும்' என்று அனுப்புவார். அன்று என் வீடியோவைப் போட்டு, 'இதுதான் நம் மண்' என்று எட்டுக் கும்பிடு போட்டிருந்தார். அடுத்த நாள் காலை மறுபடியும் 'எச்சரிக்கை, பகிரவும்'.

அவருக்குக் குழப்பமே இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

அதன் பிறகு செய்தி பார்க்கும்போது கவனிக்க ஆரம்பித்தேன். முஸ்லிம் என்றால் சேனல்களிடம் ஒரே படம்தான் இருக்கிறது. தொப்பி போட்ட முதுகுகள் வரிசையாகக் குனிவது. எங்கோ யாரையோ பிடித்துக்கொண்டு போனாலும் அதே முதுகு. பிறை தெரிந்தாலும் அதே முதுகு. இந்து என்றால் தீச்சட்டி. கிறிஸ்தவர் என்றால் மெழுகுவத்தி. எங்கள் சித்தேரி மலைக்காரர்கள் என்றால் நோயாளியை டோலி கட்டித் தூக்கி வருவது. இவர்கள் எல்லாம் ரேஷன் கடையில் நிற்பதில்லையா? பஸ்ஸைத் தவறவிடுவதில்லையா? பிள்ளைக்குச் சளி பிடித்தால் நெஞ்சில் தைலம் தடவுவதில்லையா?

எனக்கு இதெல்லாம் தோன்றியது அப்புறம்தான். முதலில் தோன்றியது பயம். நூரக்கா முகத்தில் எப்படி விழிப்பது?

மறுநாள் பள்ளி வாசலில் அவரே ஆரம்பித்தார்.

"எந்த வூட்டுப் பிரியாணிங்க அது? எனக்கும் ஒரு டப்பா அனுப்பச் சொல்லுங்க."

"மன்னிச்சுக்கங்க நூரக்கா. வாய்ல வந்துடுச்சு."

"லெக் பீஸ் வேற." சிரித்தார். அப்புறம் போனை எடுத்து அந்தச் செய்தியைப் போட்டு நிறுத்தினார். "அத விடுங்க. இதப் படிச்சீங்களா?"

என் முகத்துக்குக் கீழே 'மாணவியின் தாய்' என்று இருந்தது. அவர் முகத்துக்குக் கீழே 'இஸ்லாமியப் பெண்'.

"என் புள்ளைய மட்டும் நான் கடையிலயா வாங்கினேன்?" என்றார் நூரக்கா. "கமிட்டித் தலைவின்னு போட வேணாம். அம்மான்னாச்சும் போட்டிருக்கலாம் இல்லீங்களா? கெட்டவங்கன்னு காட்டுனா சண்டை போடலாம். நல்லவங்கன்னு காட்டுறப்ப என்னத்தச் சொல்லி சண்டை போடறது?"

நான் அந்த வீடியோவை ஏழெட்டு முறை பார்த்திருந்தேன். புடவை சரியாக இருக்கிறதா, குரல் நடுங்குகிறதா என்று பார்த்தேன். அந்த இரண்டு வரியைப் பார்க்கவில்லை. எனக்கு நல்ல வரி கிடைத்திருந்தது. பிறகு எதற்குப் படிக்கப் போகிறேன்?

போனை உள்ளே வைக்கப் போனவர், நிறுத்தினார். மறுபடி ஓடவிட்டார். கண்ணைச் சுருக்கினார்.

"யாழினிம்மா... நாளைக்கு டெப்போவுக்குப் போறோம். நோட்ட எடுத்துட்டு வாங்க."

ஏன் என்று சொல்லவில்லை. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

டெப்போவில் நாங்கள் காத்திருக்கவே இல்லை. வாசலில் இருந்தவரே, "டி.வி.ல வந்தவங்கதான நீங்க?" என்று உள்ளே கூட்டிப் போனார். மேலாளர் எழுந்து நாற்காலி காட்டினார்.

"பாத்தேன்ம்மா. வூட்ல எல்லாரும் பாத்தோம். இப்படித்தான் இருக்கணும்."

நான் சிரிக்கத் தொடங்கினேன். சட்டென்று நிறுத்தினேன். இப்போதும் சும்மா இருந்தால், மறுபடியும் பிரியாணியில் வந்து முடியும்.

"சார், அது பிரியாணி இல்லீங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "அது ஸ்கூல் கிச்சடிங்க. இவங்க எனக்குப் பிரியாணி குடுத்ததே இல்லீங்க. நான் பொய் சொல்லிட்டேங்க. அந்தக் கிச்சடியும் பதினெட்டுப் புள்ளைங்களுக்குக் கெடைக்கறதில்லீங்க."

மேலாளர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நூரக்கா மேஜை மேல் போனை வைத்து அவர் பக்கம் திருப்பினார்.

"எங்க மூஞ்சிய விட்டுடுங்க சார். பின்னால பாருங்க."

புல்லாங்குழல் வாசிக்கிறது. நூரக்கா தட்டை நீட்டுகிறார். நான் பல்லைக் காட்டுகிறேன். எங்கள் தலைகளுக்கு நடுவே, டவுன் பஸ் ஒன்று வருகிறது. பள்ளி வாசலைத் தாண்டுகிறது. போய்விடுகிறது. ஜன்னல் முழுக்கப் பள்ளிச் சீருடை.

நூரக்கா இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு சின்ன முகங்கள் எங்களைப் பார்த்துக் கையாட்டின. அஃப்ரினும் யாழினியும்.

நான் ஏழெட்டு முறை பார்த்த வீடியோ. என் பெண்ணையே நான் பார்க்கவில்லை.

"இந்தப் புள்ளைங்க எல்லாம் ரைஸ் மில்லுல எறங்கித் திரும்பி நடக்குதுங்க சார்" என்றார் நூரக்கா. "லாரி ரோட்டுல. உங்க பஸ்ஸு தாண்டிப் போறதுக்கு வீடியோவே இருக்குது. ஊரே பாத்தாச்சு. யாரும் பின்னால பாக்கல, அவ்வளவுதான்."

மேலாளர் இன்னொரு முறை ஓடவிட்டுப் பார்த்தார். நான் நோட்டிலிருந்து மனுவைக் கிழித்து நீட்டினேன். அவர் வாங்கிப் படித்தார். தன் போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார்.

ஆறாம் நாள் காலை, நானும் நூரக்காவும் வாசலில் நின்றோம். எட்டு இருபத்தைந்து. பஸ் வந்தது. வழக்கம்போலப் போய்விடுமோ என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிரேக் சத்தம் கேட்டுத்தான் திறந்தேன். பதினெட்டுப் பேரும் இறங்கி, எங்களைக் கண்டுகொள்ளாமல், நேராகக் கிச்சடி வாசம் வந்த பக்கம் ஓடினார்கள். என் பெண் உட்பட.

நூரக்கா அந்த நிருபருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டார்.

"ரொம்ப சந்தோஷம்மா. ஆனா பஸ் நிக்கறதுல நியூஸ் என்னங்க இருக்குது? ரம்ஜானுக்கு ஒரு நாள் முன்னாடி கூப்பிடறேன், ரெண்டு பேரும் ரெடியா இருங்க."

நூரக்கா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அதுக்குள்ள நீங்க பிரியாணி செய்யக் கத்துக்கங்க. நான் வாங்கிக்கற மாதிரி நிக்கறேன்."

நிருபரைக் குறை சொல்லி முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் இந்தப் பத்தியை எழுத உட்கார்ந்ததும் எனக்கு வழக்கமான வியாதி வந்துவிட்டது. நான் மட்டும் என்ன செய்கிறேன்? இத்தனை வருடத்தில் இந்தப் பக்கத்தில் நூரக்கா ஒரு முறைகூட வந்ததில்லை. இப்போது முஸ்லிம் என்பதால் வருகிறாரா, தலைவர் என்பதால் வருகிறாரா? 'புர்கா' என்று எழுதியதை அடித்தேன். மறுபடி எழுதினேன். மறுபடி அடித்தேன். கடைசியில் முழுவதையும் எடுத்துக்கொண்டு போய் அவரிடமே படித்துக் காட்டினேன்.

தையல் பிரிந்த அஃப்ரினின் ஸ்கூல் பையைத் தைத்துக்கொண்டே கேட்டார். முடித்ததும், "ஒண்ணு மட்டும் தப்பா இருக்குதுங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "புர்காவை எடுத்துடட்டுங்களா? முஸ்லிம்னு வர்ற எடத்தையெல்லாம் எடுத்துடட்டுங்களா?"

"அது இருக்கட்டுங்க. நான் முஸ்லிம்தான, அதுல என்ன தப்பு? பஸ்ஸு டைம்தான் தப்பு. எட்டரைன்னு எழுதியிருக்கீங்க. அத நம்பி எந்தப் புள்ளயாச்சும் பஸ்ஸ விட்டுடப் போவுது. எட்டு இருபத்தஞ்சு."

மாற்றிவிட்டேன். எட்டு இருபத்தைந்து.