எழுப்புகிறவன் இல்லாத ஆட்டம்

தாயக்கட்டையில் செத்தால் நிஜத்திலும் செத்துவிடுவோம் என்று நான் நம்பியிருந்தேன். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அல்ல. மீசை வைத்து, தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த வயதில்.

போன ஞாயிறு மகள் சோபாவில் படுத்து ஃபோனில் விளையாடிக்கொண்டிருந்தாள். பிஸ்கட் தின்றபடியே, "செத்துட்டேன்பா" என்றாள். "விளம்பரம் பாத்தா எழும்பிரலாம்." ஏதோ சோப்பு விளம்பரம் ஓடி முடிந்தது. அவள் ஆள் எழுந்து தூசி தட்டிவிட்டு நடந்தான். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. குசினி அடுப்புக்கும் வாசலுக்குமாக நடக்கத் தொடங்கிவிட்டேன். அட, இவ்வளவு மலிவா!

அந்த நடையில் மூக்குக்கு வந்தது போட்டோகொப்பி மெஷினின் சூட்டு வாசம். பண்டாரவளையில் என் கூட்டாளி செல்வத்தின் கொமினிகேஷன் கடை வாசம் அது. எங்கள் ஈர ஜாக்கெட்டுகளின் நாற்றமும் அதில் கொஞ்சம் சேர்த்தி. வெளிநாட்டுக்குப் பேச வருகிறவர்கள் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று கத்துவார்கள். ஒரு மனிதர் துபாயிலிருந்த மனைவிக்கு வாராவாரம் ஆட்டுக்குட்டியின் சுகம் சொல்லுவார். பிள்ளைகளின் சுகம் அதற்குப் பிறகுதான்.

சண்டை நின்று யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்த சமாதானக் காலம். சனிக்கிழமைகளில் கடையின் பின்பக்கம் மூன்று பேர் கூடுவோம்: நான், செல்வம், யோகன். யோகன் யாழ்ப்பாணத்துக்காரர், பேங்க்கில் வேலை. நாங்கள் அவரை சார் என்போம். அவருக்கு நாங்கள் 'ஐசே'. கனடாவிலிருந்து அவருடைய மச்சான் ஒரு விளையாட்டு அனுப்பியிருந்தார். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்லுவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் நடக்க வேண்டும். பாலம் உடையுமா, சிறுத்தை பாயுமா என்பதையெல்லாம் இருபது முகமுள்ள தாயக்கட்டை ஒன்று தீர்மானிக்கும்.

"என்ன சார், யாரோ நெல்லிக்காய கடிச்சித் துப்புன மாதிரி இருக்கு" என்றான் செல்வம், கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து.

கதை சொல்லுகிறவருக்கு மாஸ்டர் என்று பெயராம். நான் குழம்பியது அங்கேதான். எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து நடத்துகிறவரும் மாஸ்டர்தான். இன்ன வேஷம் வேண்டும் என்று அவரிடம் கேட்க முடியாது. கொடுத்ததைக் கட்ட வேண்டும். காமன் வேஷக்காரன் சிவனின் நெற்றிக்கண் பட்டு விழுவான். முறைப்படி தண்ணீர் தெளித்து அவனை எழுப்பும்வரை ஒருவரும் நகர மாட்டார்கள். எழுப்பாமல் விட்டால் சாவு, வேஷத்தை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இதற்கு யாரும் சாட்சி கேட்டதில்லை.

ஆகவே நான் முன்னெச்சரிக்கையாக, "செத்தவங்கள எழுப்புற சாமியாரா வர்றேன் சார்" என்றேன்.

"ஏலாது" என்றார் எங்கள் மாஸ்டரான யோகன்.

"அப்ப மந்திரவாதி?"

"ஓம், வாரும். நெருப்பைக் கக்கும், பறவும், என்னவும் செய்யும். எழுப்பிற வேலை மட்டும் இல்லை. என்ர ஆட்டத்தில செத்தால் செத்ததுதான்."

செல்வத்துக்குத் திருடன் வேஷம். "கிளாக்கரே, நீ செத்தா ஒன் செருப்பு எனக்கு" என்றான்.

ஒரு மழைச் சனிக்கிழமை என் தாயக்கட்டை ஆகக் குறைந்த எண்ணில் போய் நின்றது. "மந்திரவாதி ஆத்தில விழுந்து செத்துப்போனார்" என்று யோகன், கடைக்குப் பூட்டுப் போடுகிறவர் மாதிரி சொன்னார். செல்வம் நிஜமாகவே என் செருப்பைப் பார்த்தான்.

தோட்டத்துக்குத் திரும்பும் பூனாகலை பஸ்ஸில் நடுக்கம் தொடங்கியது. ஜன்னல் மூடாது, சாரல் முழுக்க என் மேல். ஒவ்வொரு வளைவிலும், இதோ என் ஆறு என்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இரவு காய்ச்சல் கொதித்தது. என் ரேடியோவை யாருக்குக் கொடுப்பது என்றுகூட யோசித்தேன். அதை ஓசியில் வாங்கவும் ஆள் இல்லை என்பது வேறு கதை.

விடிந்ததும் கம்பளியைச் சுற்றிக்கொண்டு பண்டாரவளைக்கு இறங்கினேன். செல்வம் யோகனைக் கூட்டிவந்தான். நான் கடையின் சிமெந்துத் தரையில் மல்லாந்து படுத்துவிட்டேன்.

"தண்ணி தெளிடா."

"மெஷின்ல பட்டா கரண்டு அடிக்கும்டா. அப்பறம் நெசமாவே போயிருவ."

"சார், ஒரே ஒரு தடவ எழுப்பி விடுங்க சார். மாஸ்டர் நீங்க செஞ்சாத்தான் ஆகும்."

யோகன் விழுந்து விழுந்து சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தாயக்கட்டையை விரல்களுக்குள் உருட்டிக்கொண்டே நின்றார்.

"ஐசே, என்ர தம்பி சைக்கிளில சாமான் வாங்கப் போனவன். கன வருசம். இன்னும் வரேல்லை. அவனைத் தேடி அம்மா பொலிஸ், ஆமி எண்டு கந்தோர் கந்தோரா ஏறி இறங்கிறா. இதில எழுப்பிற ஆள் ஒருத்தனை வைச்சனெண்டால், நான் உங்களுக்குக் கதை சொல்லமாட்டன். அந்த ஆளின்ர காலைப் பிடிச்சுக்கொண்டுதான் கிடப்பன்."

கூண்டுக்குள் ஆட்டுக்குட்டி மனிதர் துபாய்க்குக் கத்திக்கொண்டிருந்தார். எனக்கு எழுவதா, கிடப்பதா என்று தெரியவில்லை. கம்பளியை இழுத்து முகத்தை மூடிக்கொள்ளலாமா என்றிருந்தது.

யோகன் குனிந்து கையை நீட்டினார். "தரை குளிர் ஐசே. வாரும், புது ஆள் ஒண்டு எழுதுவம்."

எழுந்துவிட்டேன். புது ஆளாக ஓர் இடையனைக் கேட்டு வாங்கினேன். கடைசிவரை அவன் ஆற்றுப்பக்கமே போகவில்லை.

சண்டை மறுபடி மூண்டது. யோகனுக்கு இடமாற்றம் வந்தது. தாயக்கட்டையும் அவரோடு போயிற்று. எல்லார் கையிலும் ஃபோன் வந்ததும் கண்ணாடிக் கூண்டைக் கழற்றி விற்றார்கள். செல்வம் கட்டாருக்குப் போனான். கடை இருந்த இடத்தில் இன்று எல்லவுக்குப் போகிற வெள்ளைக்காரர்களுக்கு ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிறார்கள்.

சண்டை முடிந்த பிறகு ஒருமுறை யோகனோடு ஃபோனில் பேசக் கிடைத்தது. தம்பியைப் பற்றிக் கேட்டேன்.

எனக்கு வந்தது மழைக் காய்ச்சல். இரண்டு பெனடோல் மாத்திரையோடு போய்விட்டது. அவருடைய தம்பி வரவில்லை.