சத்தத்துக்காக வாங்கிய வாள்

என் கணவருக்கு முதுகு சரியில்லை. எங்கே தொடங்கினாலும் இந்தக் கதை அங்கேதான் வந்து நிற்கும் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேயிலைக் கொழுந்து மூட்டையை லொறியில் ஏற்றும்போது ஒருநாள் பிடித்த வலி, பிறகு விடவே இல்லை. குனிந்தால் நிமிர நேரமாகும். நிமிர்ந்தால் முகம் கோணும். "வலிக்குதா?" என்று கேட்டால், "இல்ல புள்ள, பழகிருச்சு" என்பார். ஆம்பிளைகள் சொல்லும் பொய்களில் இதைப்போல எனக்கு எரிச்சலூட்டியது வேறொன்றும் இல்லை.

நாங்கள் கண்டிப் பக்கம், கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்றில் இருந்தோம். நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். அவர் மலை வேலைக்குப் போவார். நான் பிள்ளை மடுவத்தில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். தோட்டம் நொடித்துப்போய்ப் பல மலைகள், தேயிலையை மட்டமாக வெட்டிவிடும் கவ்வாத்து இல்லாமல் காடாகிவிட்டன. அந்தக் காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, குடும்பத்துக்கு ஒன்றென்று நிர்வாகம் கொடுத்தது. துப்புரவாக்கித் தேயிலையை மறுபடி இடுப்பளவுக்குக் கொண்டுவந்தால் கொழுந்தை நாங்களே பறித்து விற்கலாம். பெருமழைக்கு முன் துப்புரவாக்காவிட்டால் துண்டு வேறு ஆளுக்குப் போய்விடும்.

பரம்பரை பரம்பரையாக அடுத்தவன் மண்ணைக் கொத்தியவர்களுக்கு இப்படி ஒரு துண்டு கிடைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வேலை முடிந்து வந்ததும் அவர் வாசலில் நின்று அந்தக் காட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். பொண்ணு பார்க்க வந்த அன்றுகூட என்னை அப்படிப் பார்க்கவில்லை. நான் அதைச் சொல்லிக் கேலி செய்தபோது வெட்கப்பட்டுச் சிரித்தார்.

தேயிலையைப் படத்தில் மட்டும் பார்த்தவர்களுக்குத் தெரியாது, வெட்டாமல் விட்டால் அது மரம். எங்கள் துண்டில் ஆள் உயரத்துக்கும் மேலே வளர்ந்து, தண்டு தொடைப் பருமனில் நின்றது. இடையிடையே கொய்யாவும், தானாக முளைத்த அல்பீசியாவும், ஆளை மறைக்கும் மானாப்புல்லும். எல்லாம் சின்ன மரங்கள்தான். ஆனால் கத்தியால் ஒவ்வொரு வெட்டு வெட்டும்போதும் அந்த அதிர்ச்சி அவருடைய முதுகில் போய் இறங்கியது. இரண்டு மரம் வெட்டினால் அடுத்த நாள் கட்டிலைவிட்டு எழும்ப முடியாது. அதனால்தான் கண்டி டவுனுக்குப் போய் மரம் அறுக்கிற மெஷின், அதுதான் சங்கிலி வாள், ஒன்று வாங்குவது என்று முடிவெடுத்தோம். பாரமில்லாத மெஷினாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் அப்போது எங்களுக்குத் தெரிந்திருந்தது.

இந்த இடத்தில் சிறுத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். காடாகிப்போன மலைகளில் சிறுத்தை நடமாட்டம் கூடிவிட்டது. ஒருநாள் இரவு, எங்கள் வாசலில் கட்டியிருந்த நாயைச் சங்கிலியை அறுத்து இழுத்துக்கொண்டு போனது. காலையில் அதன் கழுத்துப்பட்டையை அவர்தான் கானுக்குள்ளிருந்து எடுத்து வந்தார். மலையில் தண்ணீர் ஓட வெட்டியிருக்கும் பள்ளத்தைத்தான் கான் என்போம். அன்றிலிருந்து எங்கள் லயத்தில் யாரும் அந்தப் பக்கம் வாயை மூடிக்கொண்டு போனதில்லை.

எங்கள் மலைகளில் இதற்கு ஒரு முறை உண்டு. சிறுத்தை இருக்கும் மலைக்குள் போனால் குரல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். மனிதச் சத்தம் கேட்டால் அது விலகிப்போய்விடும். குளவி இருக்கும் மலை என்றால் நேர்மாறு. கத்தக்கூடாது, மரத்தை ஆட்டக்கூடாது, வாயைப் பொத்திக்கொண்டு வேலை செய்ய வேண்டும். ஒன்றுக்குச் சத்தம், மற்றதற்கு மௌனம். மலைக்குள் இறங்குமுன் எது இருக்கிறது என்று பார்த்துக்கொண்டால் போதும், பிழைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் நம்பிக்கை. இரண்டும் ஒரே மலையில் இருந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

நாங்கள் இருவரும் எங்கள் துண்டில் குரல் கொடுத்துத்தான் வேலை செய்தோம். அவர் மேலே வெட்டுவார். நான் கீழே மானாவை அறுத்து, வெட்டிப்போட்ட தடிகளை விறகுக்கு அடுக்குவேன். புல் மறைப்பதால் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை நான் "ஏங்க!" என்று கத்துவேன். "இங்கதான்!" என்று மேலிருந்து வரும். சிறுத்தைக்காகத்தான் கத்தினோம். ஆனால் கல்யாணம் முடித்து அத்தனை வருசத்தில் நாங்கள் அவ்வளவு பேசிக்கொண்டதில்லை என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

கண்டியில் நாங்கள் போன கடை மார்க்கெட்டுக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருந்தது. முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்போம்; கடைக்கார நானா நல்ல மனுசன். மூன்று மெஷின்களை எடுத்து மேசையில் வைத்தார். முதலாவது பெரியது. என் கணவர் அதைத் தூக்கியதும் முகம் கோணியது. நான் பார்க்கிறேன் என்று தெரிந்து, அது பிடிக்காததுபோலக் கீழே வைத்தார். இரண்டாவது சின்ன பெட்ரோல் மெஷின். ஒற்றைக் கையாலேயே தூக்கலாம். மூன்றாவது பற்றரியில் ஓடுவது, அதைவிடவும் லேசு.

"நின்ட இடத்துல தூக்கிப் பாத்தா காணாது," என்றார் நானா. "கைய நீட்டிப் பிடிங்க. மலையில சரிஞ்சி நின்டுதானே வெட்டப் போறீங்க."

அவர் ஒரு காலைச் சீமெந்து மூட்டை மேல் தூக்கி வைத்து, மலையில் நிற்பதுபோலவே நின்று இரண்டையும் நீட்டிப் பார்த்தார். நானும் வாங்கிப் பார்த்தேன். எனக்குப் பற்றரி மெஷின்தான் பிடித்தது, அதற்கு இழுக்கக் கயிறும் இல்லை. பெட்ரோல் மெஷினைக் கிளப்பக் கயிற்றை வெடுக்கென்று இழுக்க வேண்டும். அது அவருடைய முதுகுக்கு ஆகாது என்று எனக்குப் பட்டது.

"இத எடுங்க," என்றார் நானாவும் பற்றரி மெஷினைக் காட்டி. "பெட்ரோல் தேவல்ல, பொகை இல்ல. சத்தமும் பெருசா இல்ல, பக்கத்து ஊட்டுக்கும் கேக்காது."

கடைசியாகச் சொன்னதுதான் கெடுத்தது. என் கணவர் சிரித்துவிட்டார். "கேக்கணும் நானா. எங்க மலையில சிறுத்தை இருக்கு. சத்தமில்லாத சாமானை வச்சிக்கிட்டு அதுக்குத் தாலாட்டா பாடுறது?"

"மெஷினப் போட்டுட்டு நிக்கும்போது பின்னால வந்து தோள்ல கை வைக்கும், அப்பதான் தெரியும்," என்று நானும் சேர்ந்து சிரித்தேன். நாயின் கழுத்துப்பட்டை எனக்கும் நினைவிருந்ததல்லவா. நானா பெட்ரோல் மெஷினைக் கிளப்பிக் காட்டினார். ஒழுங்கை முழுக்க அலறியது. எதிர்க் கடையிலிருந்து ஒருவர் எட்டிப்பார்த்துத் திட்டினார். என் கணவருக்குப் பரம திருப்தி.

பேராதனையில் பஸ் மாறி ஊர் வந்து சேரும்வரை மெஷினை மடியிலேயே வைத்திருந்தார்.

மெஷின் வந்தபின் வேலை ஓடியது. உண்மையைச் சொல்ல வேண்டும், அது நல்ல மெஷின். கத்தியால் அரை நாள் எடுக்கும் மரத்தை ஒரு மூச்சில் அறுத்துத் தள்ளியது. கயிற்றை இழுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் முதுகில் சுளீரென்று பிடிக்கும். அதனால் இளைப்பாறும்போதும் அவர் மெஷினை நிறுத்தவில்லை. ஓடவிட்டே கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வார். அறுக்கும்போது அலறும். கையை விட்டால் சங்கிலி நின்று, என்ஜின் மட்டும் 'டுக் டுக்' என்று ஓடிக்கொண்டிருக்கும். கீழே நிற்கும் எனக்கு அது ஒரு பாஷைபோலப் பழகிவிட்டது. அலறினால் வேலை செய்கிறார், 'டுக் டுக்' என்றால் உட்கார்ந்திருக்கிறார். குரல் கொடுப்பதை நாங்கள் விட்டுவிட்டோம். கொடுத்தாலும் கேட்காது.

குளவியை நாங்கள் பார்க்காமல் இல்லை. துண்டுக்குள் இறங்குமுன் பெரிய மரங்களையெல்லாம் அண்ணாந்து பார்த்தோம். கூடு எதுவும் தெரியவில்லை. குளவி என்றால் எங்கள் கண் மேலே போகும், அப்படித்தான் பழகியிருக்கிறோம். வளர்ந்து மரமான ஒரு தேயிலைக்குள், இடுப்பு உயரத்தில், இலைகளுக்கு நடுவே கூடு இருக்கும் என்று நினைக்கவில்லை.

அன்று காலை மெஷின் அலறிக்கொண்டிருந்தது. பிறகு 'டுக் டுக்' என்றது. அப்பாடா, இப்போதாவது உட்கார்ந்தாரே என்று நினைத்தேன். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மானாவை அறுத்துக் கட்டினேன். தடிகளை அடுக்கினேன். 'டுக் டுக்' நிற்கவில்லை. முதுகு இன்று அதிகமாக வலிக்கிறது போல, இருக்கட்டும், நன்றாக இளைப்பாறட்டும் என்று நானும் போய்ப் பார்க்கவில்லை. இன்னும் ஒரு கட்டு அறுத்தேன்.

பெட்ரோல் தீர்ந்து மெஷின் தானாக நின்றது. மலை முழுக்க ஒரேயடியாகச் சத்தமில்லாமல் போனது.

"ஏங்க!" என்றேன். பதில் இல்லை. மறுபடி கத்தினேன். அப்போதுதான் வேறொரு சத்தம் கேட்டது. மேலேயிருந்து, தேனடைக்குப் பக்கத்தில் நின்றால் கேட்பதுபோல.

மெஷின் வெட்டிய மரத்தடியில் கிடந்தது. அவர் அங்கே இல்லை. ஓடப் பார்த்திருக்கிறார், முதுகு விடவில்லை. சட்டையைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு கானுக்குள் குப்புறக் கிடந்தார். உடுப்பு கிழியாமல் என் இடுப்பில் கட்டியிருந்த கனத்த படங்குச் சீலையை அவிழ்த்து அவர்மேல் போட்டு, நானும் அதற்குள் புகுந்துகொண்டேன். என்னையும் கொட்டின. எனக்கு அது உறைக்கவில்லை. அவருடைய முகம் அவருடைய முகமாக இல்லை. லயத்து ஆட்கள் புகை போட்டுக்கொண்டு வந்து தூக்கினார்கள். ஓட்டோவில் பேராதனைக்கு இறங்கும் பாதையில், என் மடியிலேயே மூச்சு நின்றது.

அவர் என்னைக் கூப்பிட்டாரா என்று எனக்குத் தெரியாது. கூப்பிட்டிருப்பார். கத்தினால் கேட்கும் தூரத்தில்தான் நான் நின்றேன். இதை நினைக்கும்போது எனக்கு அழுகை வருவதில்லை, உடம்பெல்லாம் எரிகிறது.

சாவு வீட்டில் எல்லாரும் விதி என்றார்கள். ஒரு பெரிய மனுசன், "நுணலும் தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க? அந்தச் சத்தம்தான் குளவிய எழுப்பிருச்சு" என்று பெருமூச்சு விட்டார். பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழமொழி சொல்கிற வாய்! "ஒங்க வாயும் கொஞ்சம் சத்தமாத்தான் இருக்கு, எழும்பிப் போங்க" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். இன்றுவரை அவர் என்னோடு பேசுவதில்லை. நல்லது.

காரியம் முடிந்த பிறகு தோட்டத்து ஐயா ஆள் அனுப்பிக் கேட்டார், துண்டை என்ன செய்வதாக உத்தேசம் என்று. பாதி துப்புரவாகியிருந்தது. விட்டுவிட்டால் அவருடைய முதுகும் உயிரும் போட்டு வெட்டிய மண்ணில் வேறொருவன் கொழுந்தெடுப்பான். "நான் வெட்டுறேன்னு சொல்லு" என்று சொல்லி அனுப்பினேன்.

மெஷினைத் தூக்கிக்கொண்டு மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். நானாவுக்குச் செய்தி தெரியாது. நான் சொன்னதும் மெஷினை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். பிறகு, "எனத்த செய்யச் சொல்றீங்க தங்கச்சி?" என்றார். இதற்குப் பதிலாக அதைத் தாருங்கள் என்று பற்றரி மெஷினைக் காட்டினேன். அவர் எடுத்துக் கொடுத்து, பாரத்தைப் பற்றி, சங்கிலியைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். எனக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை.

"கைய விட்டா நின்னுருமா?" என்று கேட்டேன்.

"நின்டுரும்."

"சத்தமும்?"

"ஒண்டும் கேக்காது, தங்கச்சி."

இப்போது மடுவத்து வேலை முடிந்ததும் நானே துண்டுக்குப் போகிறேன். ஒவ்வொரு மரத்தையும் முதலில் விலக்கி உள்ளே பார்க்கிறேன், இடுப்பு உயரத்திலும் முழங்கால் உயரத்திலும். பிறகு அறுக்கிறேன். மரம் விழுந்ததும் கையை விட்டால் எல்லாம் அடங்கிப்போகிறது. சிறுத்தை இன்னும் இருக்கிறது, அதனால் குரல் கொடுக்க வேண்டும். என்னவோ கத்தினால் போதும். ஆனால் எனக்கு வாயில் வருவது ஒன்றுதான்.

"ஏங்க!" என்கிறேன். கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போகிறேன்.