சுருங்கும் நட்சத்திரமும் என் கடைச் சிரிப்பும்

பிள்ளைகளே, தேனிப் பக்கம் கம்பத்தில் ஏலக்காய்க் கடை வைத்திருப்பவன் நான். பத்தாவதோடு நின்றவன். கருந்துளை பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் என் மகள் சொன்னதுதான். முதலில் சொல்ல வந்தபோது நான் சொல்ல விடவில்லை.

பதினொன்றாவது படிக்கிறாள். பள்ளி அறிவியல் விழாவில் பேச அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஒரு சாயங்காலம் கடையில் பேசிப் பார்த்தாள். காய் வாங்க வந்த வியாபாரிகள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ரொம்பக் கனமான நட்சத்திரம் எரிஞ்சு முடிஞ்சா, அதோட கனமே அதை அமுக்கும். எங்கனயும் நிக்காது, சுருங்கிக்கிட்டே போகும். அதுதேன் கருந்துளை."

"எம்புட்டுக்கு ஆத்தா? சுண்டைக்காய் அளவுக்கா?" என்றார் ஒரு வியாபாரி.

"அதுக்கும் கீழ மாமா."

எங்கள் தொழிலில் காயை விரலால் அமுக்கித்தான் தரம் பார்ப்போம். விளைந்த காய் விரலை எதிர்த்து நிற்கும். அப்படி ஒரு காயை மகளிடம் நீட்டினேன்.

"இந்தா, அமுக்கு. நிக்குதுல்ல? எதுவும் ஒரு அளவுக்கு மேல அமுங்காது. காய் பாக்கத் தெரியல, நட்சத்திரம் பாக்க வந்துட்டா!"

கடையே சிரித்தது. அவள் காயைத் தட்டில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் ஆசிரியையிடம், தான் பேசப்போவதில்லை என்று சொல்லிவிட்டாள்.

அது தெரிந்த அப்புறம்தான் மிச்சக் கதையை அவளிடம் கேட்டு வாங்கினேன். கனம் ஒரு அளவைத் தாண்டினால் நட்சத்திரம் நிற்காமல் சுருங்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் ஒரு தமிழ் இளைஞராம். இங்கிலாந்துக்குப் படிக்கப் போகையில் கப்பலிலேயே தொடங்கிவிட்டார். பிறகு அறிஞர்கள் சபையில் எடுத்துச் சொன்னார். அடுத்து எழுந்தவர் பெரும் பேர் வாங்கிய வானியலாளர். நட்சத்திரம் இப்படியெல்லாம் நடந்துகொள்ள இயற்கை விடாது என்று கேலி செய்தார். சபை சிரித்தது. கணக்கு சரி என்று தெரிந்தவர்கள்கூட வெளியே வாய் திறக்கவில்லை. உலகம் ஒப்புக்கொள்ளப் பல வருஷம் ஆயிற்று.

"அந்தப் பெரியவர் மன்னிப்புக் கேட்டாகளா?" என்றேன்.

"நான் படிச்ச வரைக்கும் இல்ல அத்தா" என்றாள் மகள்.

வீட்டுக்குள் மன்னிப்புக் கேட்பது சுலபம். சிரித்தது கடையில் அல்லவா? அதே வியாபாரிகள் வந்த நாளில் மகளையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சொன்னேன். "அன்னைக்கு எம் மக சொன்னதுதேன் சரி. நாந்தேன் தெரியாமச் சிரிச்சேன்."

"என்ன பாய், வீட்டுல சோறு போட மாட்டேன்னுட்டாகளா?" என்றார் ஒருவர்.

மறுபடியும் சிரிப்பு. அது எனக்குத் தேவைதான்.

"டீச்சர்கிட்ட நான் வந்து பேசட்டுமா?" என்று மகளிடம் கேட்டேன்.

"வேணாம் அத்தா. வேற பிள்ளைக்குக் குடுத்துட்டாக. அவகிட்ட இருந்து பிடுங்கவா?"

விழாவுக்குப் போனேன். அந்தப் பிள்ளை வேறொரு தலைப்பில் நன்றாகவே பேசினாள். என் மகள் பலமாகக் கைதட்டினாள். நானும் தட்டினேன். பக்கத்தில் இருந்த என் மகளின் முகத்தைத்தான் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.