பதினோரு மாதத் துரை

ஐந்து வருடத்தில் பேச்சிக்கு இது ஐந்தாவது கம்பெனி. வேலையில் ஒரு குறையும் கிடையாது. கார் கண்ணாடியில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுவாள். ஆனால் ஒரு வருடம் முடிந்தால் நிரந்தரம் கேட்பார்களே என்று, ஒரகடத்துக் கம்பெனிக்காரர்கள் பதினோராவது மாதமே சிரித்த முகத்தோடு அனுப்பிவிடுவார்கள். இங்கே பத்தாவது மாதம் ஓடிக்கொண்டிருந்தது.

சூப்பர்வைசரிடம் கேட்டாயிற்று. ஹெச்.ஆரிடம் கேட்டாயிற்று. மிச்சமிருந்தது துரைதான். விளாத்திகுளம் பக்கம் அவள் ஊரில், புளியமரத்தடியில் ஒரு வெள்ளைக்காரர் புதைந்திருக்கிறார். சுருட்டும் பிராந்தியும் வைத்தால் கேட்டது நடக்கும். முருகனுக்குப் பால்குடம், துரைக்குக் குவார்ட்டர், அவ்வளவுதான் வித்தியாசம். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஷேர் ஆட்டோவில் வேலைக்கு வரும் வழியில் ஒரு பழைய வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டம் இருந்தது. துரை எங்கே படுத்தாலும் துரைதானே என்று ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டாள்.

முள்ளை விலக்கி, முதலில் தென்பட்ட கல்லறை முன்னால் சுருட்டைப் பற்றவைத்தாள். காவல்காரர் யாக்கோபு ஓடிவந்தார்.

"இன்னாமா இது, பிராந்தியெல்லாம் எட்தாந்துகீறே?"

"துரைக்கு நேர்ச்சை, அண்ணாச்சி. வேலை பெர்மனென்ட் ஆகணும்."

யாக்கோபு தலையில் அடித்துக்கொண்டார். "இவுரு தொரையே இல்லமா. சீமைலேர்ந்து வெள்ளக்காரக் கம்பெனில கிளார்க்கு வேலைக்கு வந்த பையன். வயசு இருபத்தொண்ணு. பதினோரு மாசம் வேல பாத்தான், காய்ச்சல்ல பூட்டான். கல்லுல அப்டித்தான் போட்டுகீது."

"பதினோரு மாசமா?"

பேச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு தூரம் வந்து, தன்னைப் போலவே ஒரு டெம்பரரியிடமா மனு கொடுத்தோம்?

"இங்க பெர்மனென்ட் ஆன துரை யாரும் இருக்காவளா?"

"அந்தாண்ட பாரு, கோபுரமாட்டம் கட்டி வெச்சிகீறாங்களே, அவுரு கலெக்டரு. முப்பது வருசம் சர்வீஸு."

கேட்டால் அவரிடம்தான் கேட்க வேண்டும். பாட்டிலோடு போய் நின்றாள். பளிங்கு, இரும்பு வேலி, கல்லில் செதுக்கிய பூமாலை. சாமி கும்பிடுவதற்குக் கையைத் தூக்கியவளுக்கு ஹெச்.ஆர். அறை வாசலில் நிற்பது போலவே இருந்தது. வாய் வரவில்லை. ஒரு மாதம்தான் இருக்கிறது, இது தவறினால் ஆறாவது கம்பெனி என்று தெரிந்தும் வரவில்லை.

விறுவிறுவென்று திரும்பி வந்தாள். பையன் தலைமாட்டில் குந்தி மூடியைத் திருகினாள்.

"இன்னாமா, கலெக்டருக்கு இல்லியா?"

"அவரு ஆயுசு பூராக் குடிச்சிருப்பாரு, அண்ணாச்சி."

கல்லின் மேல் பாதியை ஊற்றினாள்.

"நீ குடில. உங்கிட்ட ஒண்ணும் கேக்க வரல. கம்பெனிக்காரனுவ உன்னையும் ஒரு வருசம் முடிக்க விடலியால?"

மீதியை யாக்கோபிடம் நீட்டிவிட்டு, திங்கட்கிழமை ஷிஃப்டுக்குச் சட்டை துவைக்கப் போனாள்.