சாக்குக்கு ஒரு கிலோ

நுவரெலியா மரக்கறிச் சந்தையில் என் கடையைத் தெரியாத லொறிக்காரன் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து இறங்கி வந்து லீக்ஸ் மூட்டை சுமந்தேன், பிறகு மூட்டையை வாங்கி விற்றேன், பிறகு மூட்டை ஏற்றுகிற லொறியையே வாங்கினேன். யாரும் கைபிடித்துக் கூட்டிப் போகவில்லை. ஆனால் வீட்டில் என் பெயர் எழுதிய தாள் எதுவென்று பார்த்தால் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடை லைசன்ஸ். படித்து வாங்கியது ஒன்றுகூட இல்லை. அறுபது தாண்டியபோது அது நெஞ்சில் முள்ளாகக் குத்த ஆரம்பித்தது.

டவுனில் சனிக்கிழமைகளில் தொழில்நுட்ப வகுப்பு ஒன்று நடந்தது. பாதி பொறியியல், பாதி கம்பியூட்டர். வயது எல்லை இல்லை என்று போட்டிருந்தார்கள். சேர்ந்துவிட்டேன். சேர்ந்ததோடு நிற்கிற ஆளா நான்? சந்தை முழுக்கச் சொன்னேன். சான்றிதழை மாட்டத் தராசுக்கு மேலே சுவரில் ஆணியும் அடித்தேன். அந்த ஆணியை விற்றவர் பக்கத்து இரும்புக் கடை முஸ்லிம் அண்ணன், சந்தைக்கே 'நானா'. அன்றிலிருந்து அவருக்கு நல்ல பொழுதுபோக்கு.

"மொதலாளி, ஆணி ரெடி. சேட்டிபிக்கட் எப்ப?"

"ஆணி துருப்புடிக்கிறதுக்குள்ள வந்திரும் நானா."

"நுவரெலியாவுல துரு வெரசாப் புடிக்கும் மொதலாளி. பாத்துக்கோங்க."

வகுப்பில் எல்லாம் மீசை அரும்பாத பிள்ளைகள். முதல் நாள் ஒரு பொடிச்சி, "பேரப்பிள்ளைய விட வந்தீங்களா தாத்தா?" என்று கேட்டாள். "பேரப்பிள்ளைய வீட்டுல விட்டுட்டு வந்தேன்" என்று சொல்லி முதல் வரிசையில் உட்கார்ந்தேன்.

வகுப்பில் தந்த பொறியியல் வீட்டுவேலையை ஊதித் தள்ளினேன். கப்பி ஒன்று போட்டால் எவ்வளவு பலம், இரண்டு போட்டால் எவ்வளவு, கயிறு எவ்வளவு நீளம் இழுக்கவேண்டும், இதுதான் கணக்கு. பள்ளத்துத் தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு மூட்டை இழுக்க எத்தனை கப்பி கட்டியிருக்கிறேன்! பாரம் பாதியானால் கயிறு இரட்டிப்பாகும் என்பதை என் தோள் முன்பே படித்திருந்தது. மிஸ் சொல்லித்தந்த சூத்திரத்தில் அதை எழுதிக் காட்டுவது மட்டும்தான் பாக்கி. நூற்றுக்கு நூறு புள்ளி.

புரோகிராமில்தான் வண்டி சேற்றில் இறங்கியது. இங்கிலீஷ் சொற்களை லொறி நம்பர் மாதிரி உருவம் பார்த்து மனனம் செய்திருந்தேன், அதில் குறையில்லை. வீட்டுவேலை இதுதான்: தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண் ஒருத்தி கொண்டுவரும் சாக்குகளின் எடை ஒவ்வொன்றாக வரும். பூச்சியம் வந்தால் நிறுத்தி, மொத்த எடையைச் சொல்லவேண்டும். எழுதியதைக் கம்பியூட்டர் வழியாக அனுப்பினால் அங்கேயுள்ள கம்பியூட்டரே திருத்தும். சரி அல்லது பிழை, அவ்வளவுதான் சொல்லும். மூன்று தடவைதான் அனுப்பலாம். மூன்றும் பிழையானால் கடைசிப் பரீட்சை எழுத முடியாது. பரீட்சை இல்லையென்றால் சான்றிதழ் இல்லை. சுவரில் வெறும் ஆணிதான்.

போயா நாள், பௌர்ணமி லீவு, கடை பூட்டு. உட்கார்ந்து எழுதினேன். ஏழு, ஒன்பது, எட்டு என்று போட்டுப் பார்த்தேன். இருபத்தொன்று என்று வந்தது. சந்தை வழக்கப்படி கையால் போட்டாலும் அதே விடை. நிமிர்ந்து உட்கார்ந்து அனுப்பினேன்.

பிழை.

மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். "மிஸ், உங்க கம்பியூட்டருக்கு நிறுக்கத் தெரியல."

"ஐயா, நான் விடை சொல்ல ஏலாது. கேள்விய இன்னொருக்கா நிதானமா வாசிங்க" என்றார் மிஸ்.

வாசித்தேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் மூளையில் பொறி தட்டியது: ஈரக் கொழுந்து என்றால் சாக்குக்கு ஒரு கிலோ எப்படிப் போதும்? ஒன்றை இரண்டாக்கி அனுப்பினேன்.

அதுவும் பிழை.

ரொட்டி தட்டிக்கொண்டிருந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள். பொகவந்தலாவைத் தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து எடுத்தவள்.

"என்னங்க, ராசாவுக்கு மொகம் செத்துப்போச்சு?"

"போ அங்கிட்டு. இது படிப்பு விசயம்."

"கொழுந்து, சாக்குன்னு சத்தமாத்தானே வாசிச்சீங்க. எங்க, இன்னொருக்கா வாசிங்க."

வாசித்தேன். மாவுக் கையோடு நின்று கேட்டாள்.

"ஏழு, ஒம்பது, எட்டு. இருபத்திநாலு வரணும். ஒங்களுக்கு ஏன் இருபத்தொண்ணு வந்துச்சு?"

"சாக்குக்கு ஒரு கிலோ கழிவு போட்டிருக்கேன்ல. மழைன்னா ரெண்டு."

"மழ பேஞ்சிச்சுன்னு அதுல எழுதியிருக்கா?"

"இல்ல."

"சாக்குக்குக் கழின்னு?"

"அது எல்லாரும் கழிக்கிறதுதானே. எழுதணுமா?"

அவள் சிரித்த சிரிப்பில் அடுப்பு ரொட்டி கருகியது. "மடுவத்துல கொழுந்து நிறுக்கிற கணக்கப்புள்ளைதான் கேக்காமலே கழிப்பாரு. சந்தையில நீங்க கழிப்பீங்க. கம்பியூட்டரு பாவம், அதுக்கு என்னங்க தெரியும்?"

சாக்குக்குச் சாக்கு கழிக்கிற அந்தச் சின்ன வாலை வெட்டினேன். கூட்டு, அவ்வளவுதான். இதுதான் கடைசித் தடவை. அனுப்புகிற பொத்தானின் மேல் விரலை வைத்தேன். அமுக்கினேன்.

சரி.

நான் எழுந்து வீட்டுக்குள் ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். அவள் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். "என்னோடத போடுங்க. ஒரு நாளு காலையில பன்னெண்டு, பகல்ல பதினாலு, அந்திக்கு ஒம்பது. தராசு முள்ள நானே பாத்தேன். மழைன்னு சொல்லி இருபத்தொம்பதுன்னுதான் போட்டாங்க."

போட்டேன். முப்பத்தைந்து என்று திரையில் வந்தது.

மாவு விரலால் அந்த எண்ணைத் தொட்டாள். "அப்ப நானு முப்பத்தஞ்சு கிலோ எடுத்தவதான்" என்றாள். பிறகு, "ரொட்டி ஆறிப்போகுது, வாங்க."

மறுநாள் சந்தையில் முதல் செய்தி என் வெற்றி, இரண்டாவது செய்தி என் மனைவியின் முப்பத்தைந்து கிலோ. இரண்டையும் பத்துப் பேருக்காவது சொல்லியிருப்பேன்.

பரீட்சை எழுதினேன், தேறினேன். சான்றிதழ் வந்த அன்று ஆணியைப் பார்த்தால் லேசாகத் துருதான். நானாவே புது ஆணி ஒன்று எடுத்துவந்து தன் கையால் அடித்தார்.

"பழசக் கழட்டாதீங்க நானா. அது காத்திருந்த ஆணி" என்றேன்.

கடைக்கென்று நானே ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டேன். அது வெறும் சாக்கின் எடையையும் கேட்கும். கொட்டியபின் சாக்கைத் தராசில் போட்டு அதன் எடையை மட்டும் கழிப்போம், சும்மா ஒரு கிலோ கிடையாது. இந்தச் சந்தையில் வேறெந்தக் கடையிலும் இது கிடையாது. பட்டிப்பொலப் பக்கத்து விவசாயிகள் நாலு கடை தாண்டி என்னிடம் வருகிறார்கள். எடை பார்த்து முடிந்ததும் அவர்கள் கண் தராசிலிருந்து மேலே சுவருக்குப் போகும். போகட்டும் என்றுதான் அங்கே மாட்டினேன்.