ஊர் கேட்காத அறை

கணக்கில் இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவை வகுப்பிலேயே முதல் மதிப்பெண். மூச்சிரைப்போடு போய் எழுதிய பரீட்சையில் கல்லூரி இடம். கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட அப்பாவிடம் வாங்கிய சம்மதம். கடைசியாக, உளவியலில் டாக்டர் பட்டம். தங்கை சண்முகப்பிரியா ஜெயித்ததை யார் கேட்டாலும் புவனா இந்த வரிசையில்தான் சொல்வாள்; ஒன்றையும் முன்பின் மாற்ற மாட்டாள்.

அந்த ஜனவரியில் மட்டும், அடுத்ததை வரிசையில் சேர்க்க முடியுமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆன்லைன் ரம்மியில் பணம் விட்டவர்களைப் பற்றி ஆராய பிரியா திட்டமிட்டிருந்தாள். எப்போது நிறுத்த நினைத்தார்கள், ஏன் முடியவில்லை, யார் என்ன செய்திருந்தால் முடிந்திருக்கும் என்று அவர்கள் வாயாலேயே கேட்க வேண்டும். அதுவரை எல்லா ஆராய்ச்சியும் பேராசிரியர் பெயரில் நடந்தது. இது அவளுடையது. சென்னையில் ஒரு மருத்துவ அறக்கட்டளை செலவை ஏற்கத் தயாராக இருந்தது. ஒரே நிபந்தனை: ஜனவரி முடிவதற்குள் ஐந்து பேராவது உட்கார்ந்து முழுதாகப் பேசிக் காட்ட வேண்டும்.

பீளமேட்டில் புவனா நடத்தும் மாவு மில்லுக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. பிரியாதான் அதைக் கேட்டாள்.

"ஆஸ்பத்திரிக்கு வந்தா நாலு பேர் பாப்பாங்கக்கா. கோதுமைப் பையோட மில்லுக்கு வர்றவன யாரு கேக்கப்போறா?"

மில் ஓடினால் பேச்சும் தெருவுக்குக் கேட்காது. பெயரைக் கேட்க மாட்டோம் என்று போனிலேயே சொல்லிவிடுவாள்.

வந்தார்கள். வந்த வேகத்தில் எழுந்தும் போனார்கள். மூன்றாவது ஆள் மாவைக்கூட எடுக்காமல் போய்விட்டார். அன்று சாயங்காலம் பேராசிரியர் பிரியாவைப் போனில் கூப்பிட்டார்.

"ரம்மி கம்பெனியோட ஃபவுண்டேஷன் நாம கேக்கறதுக்கு முன்னாடியே பணம் தரேங்குது. எதுக்கும்மா இந்தச் சிரமம்?"

"எழுதினத அவங்க பாத்து சரின்னாத்தான் வெளியிடணுமாம் சார்."

"யோசிம்மா. மாசக் கடைசி வரைக்கும்தான் அவங்களும் காத்திருப்பாங்க."

போனை வைத்ததும் புவனா சொன்னாள்: "வாங்கிப்போடு கண்ணு. பணத்துல பேரா எழுதியிருக்குது?"

"பணத்துல இல்லக்கா, ஒப்பந்தத்துல எழுதியிருக்குது."

"இப்படிப் பேசிப் பேசியே வர்றவங்களையும் வெரட்டீரு."

மறுநாள் மாவை எடுக்க அந்த ஆள் வந்தார். நாற்பது வயதிருக்கும், லேத் பட்டறை எண்ணெய் விரல் இடுக்கெல்லாம் ஏறியிருந்தது. பிரியா வெளியே வந்தாள்.

"ஏனுங்க, நேத்து நான் தப்பா ஏதாச்சும் பேசிட்டனுங்களா?"

"தப்பெல்லாம் இல்லீங்க அம்மணி. பேரு வேண்டாம்னீங்க. உக்காந்ததும் எந்த ஊருங்கன்னு கேட்டீங்க, சொன்னேன். கொலதெய்வம் எந்தக் கோயிலுங்கன்னீங்க, அதையும் சொல்லிப்போட்டேன். 'அட, எங்க பெரியத்தையூடும் அங்கதானுங்க'ன்னு சிரிச்சீங்க. அதுக்கு மேல என்னத்தப் பேசறது? இன்னொரு கேள்வி கேட்டா எங்கப்பன் பேரே வந்துருமுங்களே."

பிரியாவின் முகம் சுருங்கிவிட்டது. கிணத்துக்கடவில் அவள் பிறந்த வீட்டுக்கு யார் வந்தாலும் முதல் பேச்சு அதுதான். கேட்காமல் இருந்தால் மரியாதை இல்லை என்பார்கள். வந்த எல்லோரிடமும் தன்னை அறியாமல் அதையே கேட்டிருக்கிறாள்.

"இத்தன வருஷப் படிப்புல இது உறைக்கலியேக்கா," என்றாள்.

அன்றிலிருந்து, அறைக்குள் வந்தவரிடம் அவள் சொல்லும் முதல் வார்த்தை மாறியது: "உங்க ஊரு, கோயிலு எதையும் எங்கிட்டச் சொல்லாதீங்க." புவனாவுக்கும் அதே கட்டளை. முன்பின் தெரியாத ஆள் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு ஊரைக் கேட்காமல் நிற்பது அவளுக்குத் தொண்டையில் முள் மாட்டிய மாதிரி இருந்தது. "கோதுமைங்களா, ராகிங்களா?" என்பதோடு வாயை மூடிக்கொண்டாள்.

நான்கு பேர் கடைசி வரை பேசினார்கள். ஜனவரியின் கடைசி நாள் மத்தியானம் தாண்டியும் ஐந்தாமவர் வரவில்லை. புவனா வாசலுக்கும் மில்லுக்குமாக நடந்தாள். நாலு மணிக்கு மேல் முப்பது வயதுப் பையன் ஒருவன் ராகிப் பையோடு வந்து, தலை நிமிராமல் உள்ளே போனான்.

ராகி அரைபட்டு முடிந்தது. ஸ்விட்சை அணைக்கப் போன புவனாவின் காதில் உள்ளேயிருந்து கேவல் விழுந்தது. எதிரே டீக்கடை பெஞ்சு நிறைய ஆட்கள். மில் நின்றால் அத்தனை பேர் காதுக்கும் போகும், பையன் எழுந்துவிடுவான். சும்மா ஓட விட்டால் கல் தேயும். அவள் வீட்டு அரிசி மூட்டையை இழுத்து வந்து பிரித்துக் கொட்டினாள். அது தீர்ந்ததும் கம்பைக் கொட்டினாள். பிறகு சோளம். உள்ளே பேச்சு தொடர்ந்தது.

இருட்டும் நேரத்தில் கதவு திறந்தது. தலைமுதல் கால்வரை வெளுத்து நின்ற புவனாவையும் சுற்றியிருந்த மாவு டின்களையும் பையன் பார்த்தான்.

"இத்தன மாவும் என்னுதுங்களா?"

"உங்களுது அந்தப் பையி மட்டுந்தானுங்க தம்பி."

சென்னை அறக்கட்டளை சம்மதித்தது. ஒப்பந்தம் வந்த அன்று பிரியா அதை மில் மேஜையில் வைத்து உரக்கப் படித்தாள். யார் அனுமதியும் கேட்காமல் முடிவுகளை வெளியிடலாம் என்ற வரியைப் புவனா மறுபடி படிக்கச் சொன்னாள். கடைசிப் பக்கத்தில், இதுவரை பேராசிரியர் ஒப்பமிட்டு வந்த முதன்மை ஆய்வாளர் இடத்தில், சண்முகப்பிரியா முதல்முறையாகத் தன் பெயரை எழுதித் தேதியிட்டாள்: 2025 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை.